டியூவில் வாங்கிய வண்டி - ஒரு சின்ன வரலாறு

சங்கரன்கோவில் பக்கம் யாராவது புது வண்டி எடுத்தால் முதலில் வரும் கேள்வி "ரொக்கமா, டியூவா?" என்பதுதான். பெரும்பாலும் பதில் டியூ. டிஎன் 79 என்று ஆரம்பிக்கும் நம்பர் பலகை வண்டி உரிமையாளர் வீட்டு வாசலில் நின்றாலும், ஆர்.சி. புக்கில் 'எச்.பி.' என்ற இடத்தில் ஒரு பினான்ஸ் கம்பெனியின் பெயர் இருக்கும். எச்.பி. என்பது முதலில் தவணை முறை வாடகைக் கொள்முதலைக் குறித்த சுருக்கம். இன்று வங்கிக் கடனில் எடுத்த காருக்கும், சட்டப்படி அது அடமானக் கடனாகவே இருந்தாலும், ஊர் வழக்கில் எச்.பி.தான். இந்த இரண்டு எழுத்துக்கு நூறு வருடத்துக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது.

தவணையில் பொருள் விற்பதைப் பெரிய அளவில் செய்து காட்டியது அமெரிக்காவின் சிங்கர் தையல் மிஷின் கம்பெனி, 1850களில். இங்கிலாந்தில் 1895ல் ஒரு பியானோ வழக்கு வந்தது. தவணையில் எடுத்த பியானோவை ஒருவர் பாக்கி இருக்கும்போதே அடகுக்கடையில் வைத்துவிட்டார். கடைசித் தவணை கட்டும்வரை அவர் வெறும் வாடகைக்காரர்தான், பொருள் கடைக்காரருடையதே என்று தீர்ப்பானது. வாடகைக் கொள்முதல் என்ற ஏற்பாடு சட்டப்படி உறுதியாகக் காலூன்றியது அங்கேதான்.

கார் விஷயத்துக்கு வந்தால், ஜெனரல் மோட்டார்ஸ் 1919ல் கடன் கொடுப்பதற்கென்றே ஜி.எம்.ஏ.சி. என்ற தனிக் கம்பெனியைத் தொடங்கியது. கடனே பிடிக்காத ஹென்றி ஃபோர்டு 1923ல் வேறு வழி பார்த்தார். வாரம் 5 டாலர் கட்டிக்கொண்டே வாருங்கள், முழுப்பணமும் சேர்ந்த பிறகு கார் தருகிறேன் என்றார். நம்ம ஊர் நகைச்சீட்டு மாதிரி! ஜனங்களுக்குக் கார் முதலில், பணம் பிறகு என்ற ஜெனரல் மோட்டார்ஸ் வழிதான் பிடித்தது. 1928ல் ஃபோர்டும் கடன் கம்பெனி திறந்துவிட்டார். காரை விற்பதற்குக் கடனும் ஒரு சரக்கு என்பது அப்போதே வியாபாரிகளுக்குப் புரிந்துவிட்டது.

தமிழ்நாட்டில் இந்தக் கதை தொடங்குவது ஒரு திருநெல்வேலிக்காரரிடமிருந்து. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911ல் மதுரையில் தொடங்கிய தொழில்தான் டி.வி.எஸ். தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் பஸ் விட்டார்கள், பிறகு வண்டி விற்றார்கள். வண்டி விற்கும் குடும்பத்துக்கு, வாங்குபவரிடம் மொத்தப் பணம் இருக்காது என்பது நன்றாகவே தெரியும். அவர் மகன் டி.எஸ். சந்தானம் 1954ல் வெறும் 2 லட்சம் ரூபாய் மூலதனத்தில் சுந்தரம் பைனான்ஸைத் தொடங்கினார். லாரி, பஸ் வாங்குபவர்களுக்குக் கடன் கொடுக்க அன்றைய வங்கிகள் அவ்வளவாக முன்வராத காலம் அது. பிறகு 1978ல் முருகப்பா குழுமத்தின் சோழமண்டலம் வந்தது. 1974ல் சீட்டுக் கம்பெனியாகத் தொடங்கிய ஸ்ரீராம் குழுமம் 1979ல் பழைய லாரிகளுக்குக் கடன் கொடுக்க இறங்கியது. ஒரு பழைய லாரியை வைத்து முதலாளியான டிரைவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். கடன் என்றாலே கெட்டது என்று பேசுபவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் வாங்குபவருக்குப் பாதுகாப்பு? இங்கேதான் வேடிக்கை. 1972ல் நாடாளுமன்றம் வாடகைக் கொள்முதல் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ரொக்க விலை எவ்வளவு, தவணையில் மொத்தம் எவ்வளவு, எத்தனை தவணை என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். குறிப்பிட்ட பங்குக்கு மேல் கட்டிவிட்டால் கோர்ட் மூலமாகத்தான் வண்டியைத் திரும்ப எடுக்கலாம். நல்ல சட்டம். 1973ல் அமலுக்கு வருகிறது என்று அறிவித்தார்கள், பிறகு அந்த அறிவிப்பையே திரும்பப் பெற்றார்கள். அதன் பின் அது அமலுக்கு வரவே இல்லை. 33 வருடம் காகிதத்தில் தூங்கி, 2005ல் ரத்தானது.

அந்தக் காலத்தில் ஷோரூமில் 'கூடுதல் சேர்க்கைகள்' என்ற தொல்லை இவ்வளவு கிடையாது. காரணம், வண்டியே கிடையாது! ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். சீக்கிரம் வேண்டுமென்றால் பதிவு வைத்திருப்பவரிடம் 'ஆன்' கொடுத்து வாங்க வேண்டும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது, 1991க்குப் பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்தன, தனியார் வங்கிகள் கார் கடனில் இறங்கின. பற்றாக்குறை போய்ப் போட்டி வந்தது. போட்டியில் காரின் விலையை ஏற்ற முடியாது. அதனால் டீலரின் லாபம் மெல்ல வேறு இடங்களுக்கு நகர்ந்தது: கடன் பிடித்துக் கொடுப்பதற்கு வங்கி தரும் கமிஷன், இன்சூரன்ஸ், அலங்காரச் சாமான், நீட்டித்த வாரண்டி. முன்பு மறைவாகக் கொடுத்த 'ஆன்', இப்போது ரசீதோடு வருகிறது என்று சொன்னால் தப்பில்லை.

இனி முக்கியமான இடம். நம் பக்கத்தில் வட்டியை மாதக் கணக்கில்தான் பேசுவோம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் 'ஒரு வட்டி', இரண்டு ரூபாய் என்றால் 'ரெண்டு வட்டி'. விசைத்தறி வைத்திருப்பவரும் பூக்கடைக்காரரும் இதை மனக்கணக்காகவே போட்டுவிடுவார்கள். அப்படிப்பட்டவர் கார் எடுக்கத் திருநெல்வேலி ஷோரூமுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஃபிளாட் ரேட் 7 சதவீதம்தான் சார்" என்கிறார் விற்பனையாளர். வருடத்துக்கு 7 என்றால் மாதத்துக்கு அறுபது பைசா வட்டிகூட இல்லையே! சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறார்.

கணக்கைப் பாருங்கள். கடன் 5,00,000 ரூபாய், 5 வருடம். 7 சதவீதம் ஃபிளாட் என்றால் வருடத்துக்கு 35,000, ஐந்து வருடத்துக்கு 1,75,000. மொத்தம் 6,75,000. அதை 60ஆல் வகுத்தால் மாத டியூ 11,250. எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு மாதமும் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். நான்காவது வருடத்தில் கையில் இருக்கும் கடன் பாதிகூட இல்லை, வட்டியோ இன்னும் முழு 5 லட்சத்துக்கே போடப்படுகிறது. குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால் இது வருடத்துக்குச் சுமார் 12.5 சதவீதம். அதாவது ஒரு வட்டிக்கும் கொஞ்சம் மேல். முதல் டியூவை வண்டி எடுக்கும் அன்றே 'அட்வான்ஸ்' என்று பிடித்துக்கொண்டால் அது 13 சதவீதத்தை ஒட்டிப் போய்விடும். இதில் பொய் எதுவும் இல்லை, அதுதான் சாமர்த்தியம். இன்னொரு வங்கி "11 சதவீதம், குறையும் பாக்கிக்கு" என்று சொன்னால் அது அதிகம் போலத் தோன்றும். உண்மையில் மலிவானது அதுதான்.

வட்டியே இல்லை என்றும் ஒரு காலத்தில் விளம்பரம் வந்தது. டி.வி., ஃபிரிட்ஜ் போன்ற வீட்டுச் சாமான்களில் இது கொடிகட்டிப் பறந்தது. ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியைக் கொடுக்காமல் விட்டாலே வட்டி வந்துவிடும், மிச்சத்துக்குப் பிராசஸிங் கட்டணம் இருக்கிறது. 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது, வட்டியை வேறு பெயரில் மறைக்கக்கூடாது என்று வங்கிகளுக்குச் சொன்னது.

அடுத்தது சேர்க்கைகள். ஆன்ரோடு விலை என்று ஒரே தொகையாகச் சொல்லும்போது அதில் கட்டாயமானதும் விருப்பமானதும் கலந்து நிற்கும். தமிழ்நாட்டில் ஆயுள்கால சாலை வரி கட்டாயம். 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி 5 லட்சம் வரையிலான காருக்கு 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் கட்டாயம். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு 3 வருடத்துக்கும், பைக்குக்கு 5 வருடத்துக்கும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஆனால் சொந்த வண்டிச் சேதத்துக்கான இன்சூரன்ஸை அந்த ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 2017ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் டீலர்களுக்கு விதி போட்டபோதே, வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று எழுதியிருக்கிறது. 'ஹேண்ட்லிங் சார்ஜ்' ஆர்.டி.ஓ. ஆபீஸில் கட்டும் பணம் அல்ல. டெஃப்லான் பூச்சு, சீட் உறை, நீட்டித்த வாரண்டி, கடனுக்கான ஆயுள் காப்பீடு எல்லாம் வேண்டுமென்றால் எடுக்கலாம், அவ்வளவுதான்.

இவை எப்படி நுழைகின்றன என்பதில்தான் கடனும் சேர்க்கையும் கைகோர்க்கின்றன. 40,000 ரூபாய்க்குச் சாமான் என்றால் யாரும் யோசிப்பார்கள். "டியூவில் மாசம் 900 ரூபாய்தான் கூடும்" என்றால் யோசிக்க மாட்டார்கள். அதே 7 சதவீத ஃபிளாட்டில் 60 மாதத்துக்கு அது 54,000. சீட் உறை கிழிந்த பிறகும் அதற்கு டியூ கட்டிக்கொண்டிருப்பார்கள்.

டியூ நின்றால் என்ன ஆகும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், 'வண்டியைத் தூக்கிட்டாங்க' என்று ஒரே வரியில் சொல்வார்கள். வாடகைக் கொள்முதலில் பினான்ஸ் கம்பெனி தன் வண்டியைத் தானே எடுப்பது திருட்டாகாது என்று 2001ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அடியாட்களை வைத்து எடுக்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் 2007ல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி தொடர்பான வழக்கில் கண்டித்தது.

1972 சட்டம் கேட்ட அந்த வெளிப்படையான கணக்கு கடைசியில் வேறு வாசல் வழியாக வந்தது. 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும் ஒரு முக்கிய விவரத் தாள் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அதில் ஃபிளாட் ரேட் கதை நடக்காது. கட்டணங்களையும், கடன் கொடுப்பவர் வசூலிக்கும் இன்சூரன்ஸ் தொகையையும் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணாகக் காட்ட வேண்டும். தாளில் இல்லாத கட்டணத்தைக் கடன் வாங்கியவர் சம்மதமில்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. அந்த எண்ணை 12ஆல் வகுத்தால் எத்தனை வட்டி என்று சங்கரன்கோவில் கணக்கிலேயே தெரிந்துவிடும். கையெழுத்துக்கு முன்னால் கேட்டு வாங்க வேண்டிய தாள் அது.

கடைசி டியூ கட்டியதும் வேலை முடிவதில்லை. கம்பெனியிடம் என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட படிவம் 35ம் வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் எச்.பி. கேன்சல் செய்ய வேண்டும். அதை மறந்துவிட்டுப் பத்து வருடம் கழித்து வண்டியை விற்கப் போகிறவர்கள், எப்போதோ கட்டி முடித்த கடனுக்காகப் பழைய கம்பெனியின் கிளையைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.