சுரியானி கற்ற சிறுவர்

பெருநகரங்களில் நம்மோடு அடுத்தடுத்து வாழும் மலையாள அன்பர்களுள் ஒரு சாரார் தம்மைச் சுரியானிக் கிறித்தவர் என்று கூறிக்கொள்வர். சிரியா நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் போலும் என்று நம்மவருள் சிலர் எண்ணுவதுண்டு. அஃது அவ்வாறன்று. அவர்கள் வீட்டில் பேசுவது மலையாளம். கோயிலில் நூற்றாண்டுக் கணக்காக ஒலித்தது சுரியானி. வழிபாட்டு மொழியின் பெயரே மக்களுக்கும் அடைமொழியாயிற்று. இங்கே எவருக்கும் தாய்மொழியாக இராத ஒரு மொழி, கடல் கடந்த மண்ணில் இத்தனை காலம் எங்ஙனம் நிலைத்தது? ஒவ்வொரு தலைமுறையிலும் சில சிறுவர்கள் முதலெழுத்திலிருந்து அதனைக் கற்கத் தொடங்கினார்கள் என்பதைத் தவிர வேறு விடை நமக்குப் புலப்படவில்லை.

சுரியானி, அரமேய மொழியின் ஒரு கிளை. இன்று துருக்கி நாட்டில் ஊர்பா என வழங்கும் எதெசா நகரில் அஃது இலக்கிய மொழியாக வளர்ந்தது. 373-இல் மறைந்த புலவர் எப்ரேம் அதன் புகழ்மிக்க பாவலர். அவர் வாழ்ந்த நிசிபிஸ் நகரில் பின்னர் ஒரு பெருங்கல்விச்சாலை சிறந்து விளங்கியது. 496-ஆம் ஆண்டில் அதற்கென வகுத்த விதிகள் இன்றும் கிடைக்கின்றன. மறைநூலுக்கு உரை விரிக்கும் ஆசிரியர் ஒருவர். பிழையறப் படிக்கப் பயிற்றுபவர் ஒருவர். எழுத்துக்கூட்டும் தொடக்கப் பாடத்திற்கென்றே தனியாக ஒருவர். ஏழை மாணாக்கர் ஆண்டில் சில மாதங்கள் வெளியே சென்று உழைத்துப் பொருள் ஈட்டவும் அவ்விதிகள் இடந்தந்தன. எழுத்தறிவிப்பவனை இறைவன் என்று போற்றிய நமக்கு, தொடக்க ஆசிரியருக்கு அப்பள்ளி தந்த தனியிடம் வியப்பளிக்காது.

பாரசீகக் கிறித்தவர் வாயிலாக இம்மொழி நம் மேலைக் கடற்கரையை அடைந்தது. வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் காலத்தில், 849-இல், கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அளித்த செப்பேடுகள் வட்டெழுத்தில் அமைந்தவை. அவற்றில் காணும் 'சபிரீசோ' என்னும் பெயர் சுரியானிப் பெயரே. 'சபர்' என்பது நம்பிக்கை. 'ஈஷோ' என்பது இயேசு. நம் பழைய எழுத்துக்குள் அயல்மொழிப் பெயர் ஒன்று அடக்கமாக அமர்ந்திருப்பதை ஈண்டுக் காண்கிறோம்.

இந்நாட்டில் எழுதப்பட்டு இன்றும் எஞ்சியுள்ள சுரியானிச் சுவடிகளுள் மிகப் பழையது 1301-இல் கொடுங்கல்லூரில் எழுதப்பட்டது. வத்திக்கான் நூலகத்தில் இப்போதுள்ள அச்சுவடியைப் படியெடுத்தவன் சக்கரியா என்னும் திருத்தொண்டன். தனக்குப் பதினான்கு வயது என்று அவனே இறுதியில் குறித்திருக்கிறான். நாம் இச்செய்தியைக் கண்டபோது சற்று நேரம் மேலே படிக்க இயலவில்லை. இப்பொழுது நம் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பருவமன்றோ அது!

அச்சிறுவன் கற்றது எளிய பாடமன்று. இருபத்திரண்டு எழுத்துகள், யாவும் மெய்கள், வலமிருந்து இடமாக எழுதப்படுபவை. உயிரொலிகளைப் பெரும்பாலும் புள்ளிகளாலோ சிறு குறிகளாலோ உணர்த்த வேண்டும். தகரத்திற்கும் ரகரத்திற்கும் வடிவம் ஒன்றே. புள்ளி கீழே நின்றால் 'தாலத்', மேலே நின்றால் 'ரேஷ்'. புள்ளியை மறந்தால் சொல்லே மாறிவிடும். ஆறு எழுத்துகளுக்கு வன்மையும் மென்மையுமாக இரண்டு ஒலிகள் உண்டு. இதனைக் கேட்டு மருளும் தொடக்க மாணாக்கர் பலர். தமிழர் மருள வேண்டியதில்லை. கடல் என்பதிலும் அகம் என்பதிலும் ஒரே ககரத்தை இருவேறாக ஒலிப்பவர்கள்தாமே நாம்? அவர்கள் புள்ளியிட்டுக் காட்டுவதை நாம் இடம் நோக்கி உணர்கிறோம். சொல்லமைப்போ முற்றிலும் வேறு. ம, ல, க என்னும் மூன்று மெய்களைக் கொண்ட வேரிலிருந்து 'மல்கா' என்றால் அரசன். 'மல்கூத்தா' என்றால் அரசு. வேரைப் பிடித்தவனுக்குச் சொற்குடும்பமே வசப்படும்.

1599-இல் கோவாப் பேராயர் மெனேசிஸ் கூட்டிய உதயம்பேரூர்ச் சங்கம், தவறான கொள்கையுடையனவாகத் தான் கருதிய சுரியானி நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டது. நம் சுவடிகளைச் செல்லும் நீரும் உண்டன. அங்கே தீயை மனிதரே மூட்டினர் என்பதை வருத்தத்தோடு குறிக்க வேண்டியுள்ளது. ஆயினும் ஓத வல்ல நாவும் எழுத வல்ல கையும் எஞ்சியிருந்தன. 1665-இல் மார் கிரிகோரியோஸ் வந்தபின் ஒரு பிரிவினர் மேலைச் சுரியானி மரபை மெல்ல மேற்கொண்டனர். ஆகவே இன்றும் ஒரு கோயிலில் 'மல்கா' என ஒலிப்பது மற்றொன்றில் 'மல்கோ' ஆகிறது; எழுத்து வடிவமும் வேறு.

இம்மொழியைக் கற்பித்தவர் 'மல்பான்' எனப்பட்டார். ஆசிரியர் என்னும் பொருளுடைய 'மல்பானா' என்ற சுரியானிச் சொல்லே அது. மாணாக்கர் அவரோடு தங்கி, குருகுல முறையில் பயின்றனர். மலையாளத்தையே சுரியானி எழுத்தில் எழுதும் 'கர்சோனி' வழக்கும் அவர்களிடையே வளர்ந்தது. ழகரம், ளகரம் முதலிய ஒலிகளுக்குச் சுரியானியில் எழுத்தில்லை; மலையாள எழுத்துகளையே இடையிடையே கடன் கொண்டனர். மராமண் ஊரினராகிய ஆபிரகாம் மல்பான் (1796-1845) சுரியானி ஆசிரியர். வழிபாட்டை மலையாளத்திற் கொணர்ந்தவரும் அவரே. பொருளுணர்ந்து தொழ வேண்டும் என்பது அவர் கருத்து. அதனைக் குறைகூற நம்மால் இயலாது. தமிழில் வழிபட வேண்டும் என்று கேட்டவர்கள் நாமும் அல்லவா?

1962-இல் சீரோ மலபார்த் திருச்சபையும் வழிபாட்டை மலையாளத்தில் தொடங்கியது. அதன்பின் பீடத்தருகே நின்று சுரியானியில் விடைகூறும் சிறுவர் தேவைப்படவில்லை. மொழி கோயிலிலிருந்து வகுப்பறைக்குச் சென்றது. 1985-இல் கோட்டயத்தில் எழுந்த புனித எப்ரேம் ஆராய்ச்சி நிலையத்தில் அகராதியும் இலக்கணமும் கொண்டு முறையாகக் கற்பிக்கின்றனர். இப்புதிய மாணாக்கர் சொல்லின் வேரை அறிவர். 1962-க்கு முன் பாடிய சிறுவர்களோ இன்று முதியவர்கள். பொருளை முழுதும் அறியாவிடினும் பண்ணை மறவாதவர்கள். ஏட்டில் இசைக்குறிப்பின்றி வாய்வழி வந்த பாட்டுகள் பல அவர்கள் நினைவில் மட்டுமே தங்கின. ஜோசப் பாலக்கல் முதலிய இசையறிஞர்கள் ஊர் ஊராகச் சென்று அவர்களைப் பாடச் செய்து ஒலிப்பதிவு செய்து வருகின்றனர்.