முதுமையுறும் நினைவு: தலவிலக் கதைகளும் நரம்பிணைப்பு ஆய்வும்

கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் அமைந்த சிற்றூர் தலவில. அங்குள்ள புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாக்களுக்கு ஆண்டுதோறும் மார்ச்சிலும் ஆகஸ்டிலும் தமிழரும் சிங்களவரும் திரளாக வருவர். இவ்வாலயத்தின் தோற்றம் குறித்து இரு கதைகள் வழங்குகின்றன. கொழும்புக்கு வேலைதேடிச் சென்று வெறுங்கையுடன் மன்னாருக்குத் திரும்பிய போர்த்துக்கேயர் ஒருவர், வழியில் மரத்தடியில் உறங்கியபோது அன்னையின் காட்சி பெற்றார் என்பது ஒன்று. கப்பல் உடைந்து கரைசேர்ந்த ஐரோப்பிய வணிகர் ஒருவர், ஆலமரத்தடியில் சொரூபத்தை வைத்து, வணிகம் செழித்தால் ஆலயம் எழுப்புவதாக நேர்ந்துகொண்டார் என்பது மற்றொன்று. இரண்டிலும் வழிப்போக்கனும் மரமும் அன்னையும் நிலைத்துள்ளனர்; பெயரும் ஆண்டும் நழுவிவிட்டன.

ஊரின் நினைவும் தனிமனிதரின் நினைவும் ஒன்றல்ல. ஆயினும், நினைவு முதுமையுறும்போது எது எஞ்சுகிறது, எது மாறுகிறது என்னும் வினா இரண்டுக்கும் பொதுவானது. மூளை ஆய்வின் வரலாறு இதற்குத் தரும் விடை நோக்கத்தக்கது.

மூளை கேடுறும்போது புதிய நினைவுகள் முதலிலும் பழையவை இறுதியிலும் அழிவதைப் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ 1881இல் எடுத்துக்காட்டினார். பயிற்சியினால் நரம்புக்கலங்களின் தொடர்புகள் வளரக்கூடும் என ஸ்பானிய அறிஞர் கஹால் 1894இல் கருதினார். அத்தொடர்புச் சந்தியாகிய நரம்பிணைப்புக்கு 1897இல் ஷெரிங்டன் ‘சினாப்சு’ எனப் பெயரிட்டார். கற்றவை உடனே உறுதிபெறுவதில்லை, அதற்குக் காலம் தேவை என்பதை 1900இல் முல்லரும் பில்செக்கரும் வெளியிட்டனர்.

உறுதிபெறும் இடம் எது? 1953இல் வலிப்புநோயைத் தணிக்கும் பொருட்டு, எச்.எம். என அறியப்பட்ட நோயாளியின் மூளையில், கடற்குதிரை வடிவினால் பெயர்பெற்ற இப்போகம்பசுவின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. அதன்பின் அவரால் புதிய நிகழ்ச்சிகளை நினைவில் நிறுத்த இயலவில்லை. இளமைக்கால நினைவுகளோ பெரிதும் எஞ்சின. ஸ்கோவிலும் மில்னரும் 1957இல் வெளியிட்ட இச்செய்தி, பழைய நினைவு வேறிடத்தைச் சார்கிறது என்னும் எண்ணத்துக்கு வழிகோலிற்று.

நரம்பிணைப்புகளிலேயே இதனைக் காண அரை நூற்றாண்டு சென்றது. 2009இல் ரெஸ்திவோவும் உடனாய்வாளரும் சுண்டெலிகளை ஆராய்ந்தனர். கற்ற மறுநாள் இப்போகம்பசுவில் நரம்பிணைப்புகளைத் தாங்கும் நுண்முட்கள் பெருகியிருந்தன. 36 நாட்களின் பின் அப்பெருக்கம் மூளைய மேற்பட்டையின் முற்பகுதியிலேயே காணப்பட்டது. மேற்பட்டையின் நினைவுக்கலங்கள் கற்ற நாளிலேயே தோன்றினும், தொடக்கத்தில் மௌனமாயிருந்து பின்னர் முதிர்வதைக் கிதமுரா, தொனெகாவா குழுவினர் 2017இல் காட்டினர். எனவே முதுமையுறும் நினைவு வெறுமனே தேய்வதன்று. வேறு இணைப்புகளில் மீண்டும் அமைவது. நுண்விவரம் குன்றினும் சாரம் நிலைப்பது இதனோடு பொருந்துகிறது.

மற்றுமொன்று. உறுதிபெற்ற நினைவும் மீட்கப்படும்போது சிறிது நேரம் நெகிழ்வதை, எலிகளின் அச்ச நினைவு பற்றிய ஆய்வால் நாடர் குழுவினர் 2000இல் நிறுவினர். நினைவுகூர்தல் சில வேளைகளில் நினைவைத் திருத்தவும் கூடும்.

இது வரலாற்று மாணவருக்குப் புறம்பான செய்தியன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பல்லாயிரவர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். கற்பிட்டிப் பகுதியிலும் குடியமர்ந்தனர். அன்று இளைஞராயிருந்தோர் இன்று முதுமையை எய்துகின்றனர். அவர் கூறும் நாளும் எண்ணிக்கையும் ஒன்றோடொன்று முரணலாம். அம்முரண் பொய்ச்சாட்சியின் அடையாளம் அன்று. வீட்டைப் பூட்டிப் புறப்பட்டமை என்னும் சாரத்தை அது பொய்ப்பிக்காது. அதேவேளை, பன்முறை சொல்லப்பட்ட கதை சொல்லுந்தோறும் மாறியிருக்கலாம் என்பதையும் மறத்தலாகாது. ஆகவே சொல்பவரின் முதற் கூற்றை இடைமறியாது பதிவுசெய்க. சொல்லிய நாளைக் குறித்திடுக. நாளையும் எண்ணிக்கையையும் ஆவணங்களுடன் ஒப்பிடுக.

தலவிலையின் முதல் வழிப்போக்கனிடம் எவரும் பெயர் கேட்டு எழுதிவைக்கவில்லை. அக்குறையை மீண்டும் நேரவிடாதிருத்தல் நம் தலைமுறையின் கடனாகும்.