செத்தவர் கொடுத்த சன்னது

பாக்தாத்தின் கடைசி அப்பாசியக் கலீபா அல்-முஸ்தஸிமை 1258-ல் மங்கோலியர் கொன்றார்கள். தில்லி நாணயங்களுக்கு அந்தச் சேதி எட்டவேயில்லை போலும்! சுல்தான் பால்பன் போய் கில்ஜிகள் வந்த பிறகும், ஏறக்குறைய நாற்பது ஆண்டு அவர் பெயரையே அச்சடித்தார்கள். அதிகாரத்தைப் பாரசீகப் பூயி வம்சத்திடம் கலீபாக்கள் 945-லேயே பறிகொடுத்தாயிற்று. சுல்தான்களுக்கு அவர்களிடமிருந்து தேவைப்பட்டதெல்லாம் ஓர் ஒப்புதல் முத்திரை.

இதே கதையை நம் ஆரணியில் வைத்துச் சொல்லலாம். பட்டுக்குப் பேர்போன இந்த ஊர் அன்று ஒரு ஜாகிர், அதாவது அரசு மானியமாக விட்ட நிலம். பாமினி அரசு சிதறியபோது பிறந்த பீஜப்பூர் சுல்தானகத்தின் தளபதி ஷாஜி, இதை வேதாஜி பாஸ்கர பந்துக்குக் கொடுத்தார். 1677-ல் ஷாஜியின் மகன் சிவாஜி படையோடு தெற்கே வந்தபோது, பந்து கோட்டைச் சாவியை நீட்டினார். சிவாஜி அதை அவரிடமே விட்டுவிட்டார். 1686-ல் பீஜப்பூரை ஔரங்கசீப் விழுங்கினார். கொடுத்த அரசு போயிற்று, ஜாகிர் போகவில்லை.

ஔரங்கசீப்புக்குப் பின் தில்லி தளர, ஆற்காட்டு நவாபுகள் தலையெடுத்தார்கள். 1749-ல் ஆம்பூரில் நவாபு அன்வாருதீன் கொல்லப்பட்டதும், அவர் மகன் முகமது அலிக்கும் சந்தா சாகிபுக்கும் பட்டத்துக்குச் சண்டை. 1751 டிசம்பரில் ஆரணி அருகே சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபையும் பிரெஞ்சுக்காரர்களையும் ஆங்கிலேயக் கும்பினியின் கிளைவ் முறியடித்தார். அவருக்குத் துணை நின்றது மராட்டியக் குதிரைப்படை. தோற்ற பக்கத்துச் சிப்பாய்களில் பலர் துப்பாக்கியோடு வந்து கிளைவிடமே வேலை கேட்டார்கள். சம்பளம் எங்கேயோ, விசுவாசமும் அங்கே.

வென்றது முகமது அலியின் கட்சி. அவரோ கும்பினி அதிகாரிகளிடம் கடன் வாங்கியே நவாபு வேஷம் கட்டியவர். 1765-ல் ஹைதராபாத் நிஜாமின் மேலாண்மையிலிருந்து விடுபட முகலாயப் பாதுஷா ஷா ஆலமிடம் ஒரு ஃபர்மான் வாங்கினார். அந்தப் பாதுஷா அப்போது தில்லியில்கூட இல்லை. அலகாபாத்தில் கும்பினியின் நிழலில் இருந்தார்! கலீபாவிடம் அங்கீகாரம் கேட்ட சுல்தான்களுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?

1782 ஜூன் 2-ல் மைசூர் ஹைதர் அலியின் ஆயுதக்கிடங்கைக் குறிவைத்துக் கும்பினித் தளபதி சர் அயர் கூட் ஆரணிக்கு வந்தார். சண்டை நடந்தது, கோட்டை கிடைக்கவில்லை. 1801-ல் நவாபின் கர்நாடக ஆட்சியைக் கும்பினி எடுத்துக்கொண்டது. 1855-ல் நவாபு பட்டமும் ஒழிந்தது. ஆரணி ஜாகிர் மட்டும் ஜமீன் ஒழிப்புக் காலம்வரை தாக்குப்பிடித்தது.

நவாபு குடும்பத்துக்கு ஆங்கிலேயர் பிறகு கொடுத்த ‘ஆற்காடு இளவரசர்’ பட்டம் இன்னும் இருக்கிறது. ஆங்கிலேயர் ஊரைவிட்டுப் போய் முக்கால் நூற்றாண்டு கடந்தும், ராயப்பேட்டை அமீர் மஹாலில் அது நடப்பில்தான் உள்ளது.