மருத்துவ விலக்கு (சைக்கிள் பந்தயம்)

தடை செய்யப்பட்ட மருந்தை நோய்க்காக எடுத்துக்கொள்ள விளையாட்டு வீரருக்குத் தரப்படும் எழுத்துமூல அனுமதி. அந்த மருந்து இல்லாவிட்டால் உடல்நலம் கெடும், தகுந்த மாற்று மருந்து கிடையாது, எடுத்தாலும் திறன் இயல்பைவிட உயராது என்று மருத்துவர் குழு ஏற்றால் கிடைக்கும். உலக ஊக்கமருந்து தடுப்பு விதித்தொகுப்பு 2004இல் நடைமுறைக்கு வந்தபோது இந்த ஏற்பாடு எல்லா விளையாட்டுக்கும் பொதுவாயிற்று.

சந்தேகம் அதற்கும் மூத்தது. 1999 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் சிறுநீரில் கார்ட்டிகோஸ்டீராய்டு தென்பட்டது. சைக்கிள் இருக்கை உரசிய புண்ணுக்குக் களிம்பு தடவியதாக மருந்துச் சீட்டு காட்டப்பட்டது. சர்வதேச சைக்கிள் சம்மேளனமும் ஏற்றுக்கொண்டது. அது முன்தேதியிட்டுத் தயாரித்த சீட்டு என்பதை அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு முகமையின் 2012 அறிக்கை ஊரறியச் செய்தது.

2014இல் கிறிஸ் ஃப்ரூம் டூர் டி ரோமாண்டி பந்தயத்தின்போது பிரெட்னிசலோன் மாத்திரைக்கு விலக்கு பெற்று, அந்தப் பந்தயத்தை வென்றார். அனுமதித்தது குழு அல்ல, சம்மேளனத்தின் ஒரு மருத்துவர் மட்டுமே என்று தெரிந்ததும் எழுந்த கூச்சலில், குழுவின் மூன்று மருத்துவர்களும் ஒருமனதாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நடைமுறை மாறியது. சம்மேளனம் வழங்கிய விலக்குகள் 2009இல் 239. 2015இல் வெறும் 13. இத்தனை நோயாளிகள் ஆறே ஆண்டில் எப்படிக் குணமானார்கள் என்று கேட்கத் தோன்றும். விதிகள் தளர்ந்து, சில ஆஸ்துமா இன்ஹேலர்களுக்கு அனுமதியே தேவையில்லாமல் போனது அதற்கு ஒரு காரணம்.

மிகப் பெரிய புயல் 2016 செப்டம்பரில். ‘ஃபேன்ஸி பேர்ஸ்’ என்ற கணினி ஊடுருவல் கும்பல் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் ரகசியக் கோப்புகளை வெளியிட்டது. 2012 டூர் டி பிரான்ஸ் வெற்றியாளர் பிராட்லி விக்கின்ஸ் 2011, 2012, 2013 மூன்று ஆண்டுகளிலும் டிரையம்சினோலோன் என்ற கார்ட்டிகோஸ்டீராய்டு ஊசிக்கு விலக்கு பெற்றிருந்தார். நம் ஊரில் வாய்ப்புண்ணுக்குத் தடவும் ‘கெனகார்ட்’ பசையில் இருப்பதும் இதே மருந்துதான். ஊசியாகத் தசைக்குள் போனால் வலிமை குறையாமல் எடை குறையும் என்பது வீரர்களிடையே பழைய நம்பிக்கை. மகரந்த ஒவ்வாமைக்கு என்பது விக்கின்ஸின் விளக்கம். நோய் இருந்ததா என்பதைவிட, ஊசி மூன்று முறையும் பெரிய பந்தயத்துக்குச் சற்று முன்பே விழுந்தது ஏன் என்பதுதான் கனமான கேள்வி. விதி மீறப்படவில்லை, ஆனால் அறத்தின் எல்லை தாண்டப்பட்டது என்றது 2018 மார்ச்சில் வந்த பிரிட்டன் நாடாளுமன்றக் குழு அறிக்கை. விக்கின்ஸும் அவரது ஸ்கை அணியும் மறுத்தனர். 2022 முதல் போட்டிக் காலத்தில் கார்ட்டிகோஸ்டீராய்டு ஊசியை எந்த வழியில் போட்டாலும் தடை என்றானது.

இந்தியாவில் பேசப்பட்ட வழக்குகள் சைக்கிளில் அல்ல, கிரிக்கெட்டில்; அவை தலைகீழானவை. இங்கே சிக்கியவர்கள் விலக்கு கேட்காதவர்கள். இருமல் மருந்துகளில் கலந்திருக்கும் டெர்பியூட்டலின் காரணமாகக் கிரிக்கெட் வீரர் யூசுப் பதானுக்கு ஐந்து மாதமும், 2019இல் பிருத்வி ஷாவுக்கு எட்டு மாதமும் தடை விழுந்தது. இரண்டிலும் தடை முன்தேதியிலிருந்து கணக்கிடப்பட்டதால் அறிவிப்பு வந்தபோதே பெரும்பகுதி கழிந்திருந்தது. இந்தியக் கிரிக்கெட் வாரியம் தன் வீரர்களைத் தானே விசாரிப்பது பற்றி முணுமுணுப்பு எழுந்தது. 2019 ஆகஸ்டில் வாரியம் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் வரம்புக்குள் வர ஒப்புக்கொண்டது.