எத்தனை முறைதான் பழுது பார்ப்பது? அமெரிக்கப் புதுக்கார் வாரண்டிச் சட்டம் வளர்ந்த விதம்

புதுக்கார் வாங்கியவர் அதே கோளாறுக்காக நான்காவது முறையும் சர்வீஸ் சென்டர் வாசலில் நிற்கிறார். சட்டம் அவருக்கு என்ன தரும்? 1982க்கு முன் அமெரிக்காவில் இதற்கு நேரான விடை இல்லை. பழுதைச் சரிசெய்ய விற்றவருக்கு நியாயமான அளவு வாய்ப்பு தர வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்லிவந்தன. எவ்வளவு நியாயம் என்பதை அவரவர் வழக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வாங்குபவரின் உரிமை 1960களிலேயே ஏட்டில் ஏறிவிட்டது; அதைச் சாதாரண ஆள் கையிலெடுக்க முடிந்தது சட்டம் ஓர் எண்ணைச் சொன்ன பிறகுதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காரைச் செய்வது கம்பெனி, விற்பது டீலர். வாங்கியவருக்கு ஒப்பந்தம் டீலரோடு மட்டும்தான். ஆகவே தொழிற்சாலையில் நேர்ந்த தவறுக்குக் கம்பெனியை நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது என்பதே பழைய சட்டநிலை. 1916இல் மெக்பெர்சன் எதிர் ப்யூக் வழக்கில் நியூயார்க் உயர்நிலை நீதிமன்றத்தின் நீதிபதி கார்டோசோ இந்தச் சுவரை இடித்தார். மரச்சக்கரத்தின் ஆரக்கால்கள் ஓட்டத்தில் நொறுங்கி, ஓட்டியவர் தூக்கியெறியப்பட்ட வழக்கு அது. ஆனால் அந்தத் தீர்ப்பு உடற்காயத்துக்கு வழி திறந்ததே தவிர, யாருக்கும் காயமில்லாமல் வாரம் ஒருமுறை நின்றுபோகும் காருக்கு அதில் மருந்து இல்லை.

அத்தகைய காருக்குத்தான் வாரண்டி இருக்கிறதே என்று தோன்றலாம். அந்த வாரண்டியின் அழகை 1960இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் ஹென்னிங்சன் எதிர் புளூம்ஃபீல்டு மோட்டார்ஸ் வழக்கில் விரித்துக் காட்டியது. 1955 மே மாதம் ஒருவர் மனைவிக்கு அன்னையர் தினப் பரிசாகப் புது பிளிமத் கார் வாங்குகிறார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மீட்டரில் 468 மைல். மனைவி ஓட்டிப் போகையில் முன்பக்கம் ஏதோ முறிந்த சத்தம். ஸ்டீயரிங் கையைவிட்டுச் சுழன்று கார் செங்கல் சுவரில் மோதியது. விற்பனைப் படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த வாரண்டியோ 90 நாள் அல்லது 4,000 மைல், எது முந்துகிறதோ அதுவரைதான். அதுவும் பழுதான பாகத்தைச் சரக்குக் கட்டணம் கட்டித் தொழிற்சாலைக்கு அனுப்பினால், அவர்கள் பார்த்துக் குறை என்று ஒப்புக்கொண்டால், மாற்றிக் கொடுப்பார்களாம்! வேறெந்தப் பொறுப்பும் கிடையாது.

இந்த வாசகம் ஒரு கம்பெனியின் கைவரிசை மட்டுமல்ல. கார் உற்பத்தியாளர் சங்கம் எழுதிக்கொடுத்த பொது வாரண்டி அது. 1958இல் பயணிகள் கார் உற்பத்தியில் 93.5 சதவீதம் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் ஆகிய மூன்றின் கையில் இருந்ததைத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகலாம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. வாங்குபவருக்குப் பேரம் பேச வழியில்லாத இந்த ஒப்பந்தத்தைக் காட்டி, பொருள் பயன்பாட்டுக்குத் தகுதியாக இருக்கும் என்ற உள்ளார்ந்த உறுதியை ரத்துசெய்ய முடியாது என்றது நீதிமன்றம்.

அடுத்த பெரிய அடியும் நியூஜெர்சியிலேயே விழுந்தது. 1968இல் முடிந்த ஜாப்ரிஸ்கி செவர்லே எதிர் ஸ்மித் வழக்கை என் பார்வையில் இவ்வரலாற்றின் மையமாகவே கொள்ள வேண்டும். ஷோரூமிலிருந்து வீடு இரண்டரை மைல். முக்கால் மைல்கூடத் தாண்டுமுன் சிக்னலில் கார் நின்றது. பிறகு நிறுத்திய இடமெல்லாம் நின்றது. பாதி வழியில் கியரே சரியாக விழாமல், மணிக்கு ஐந்து பத்து மைல் வேகத்தில் ஊர்ந்து வீடு சேர்ந்தது. வாங்கியவர் அன்றைக்கே வங்கியிடம் சொல்லிக் காசோலையை நிறுத்தினார். டீலர் காரை இழுத்துப் போய், ஷோரூமில் நின்ற வேறொரு காரின் டிரான்ஸ்மிஷனைக் கழற்றி இதில் மாட்டி, "சரியாகிவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். வாங்கியவர் மறுக்க, பணம் கேட்டு டீலரே வழக்குப் போட்டுத் தோற்றார். புதுக்கார் வாங்குபவர் மன நிம்மதியையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். அந்த நம்பிக்கை ஒருமுறை ஆட்டம் கண்டால் பாகத்தை மாற்றி அதை ஒட்டவைக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பழுது பார்க்கும் உரிமைக்கும் எல்லை உண்டு என்ற எண்ணம் இங்கே வேர்பிடித்தது.

மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட சீரான வணிகச் சட்டத்தொகுப்பிலும் கருவிகள் இருந்தன. ஏற்றுக்கொண்ட பொருளைத் திருப்பித் தரலாம். பழுது பார்ப்பது மட்டுமே நிவாரணம் என்ற நிபந்தனை, அந்தப் பழுதுபார்ப்பு பலிக்காதபோது செல்லாது. இருந்தும் என்ன பயன்? கார் விலையைவிட வக்கீல் செலவு எகிறிவிடும். பழுதுபார்ப்பு பலிக்கவில்லை என்பது மூன்று தடவையில் முடிவாகுமா, ஏழு தடவையிலா என்பதும் நீதிபதிக்கு நீதிபதி மாறும்.

செலவுப் பிரச்சினையைத் தீர்த்தது 1975 ஜனவரியில் வந்த மாக்னுசன்-மாஸ் வாரண்டிச் சட்டம். வழக்கில் வென்ற நுகர்வோரின் வக்கீல் கட்டணத்தை எதிராளியே தர நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றது இந்தக் கூட்டாட்சிச் சட்டம். எழுத்தில் வாரண்டி தருபவர் உள்ளார்ந்த உறுதியை அடியோடு மறுக்கவும் தடை வந்தது. ஆனால் ஓர் ஓட்டை இருந்தது. 'முழு வாரண்டி' என்று எழுதினால்தான், பலமுறை பார்த்தும் சரியாகாத பொருளுக்குப் பணமோ மாற்றுப் பொருளோ தரும் கட்டாயம். கார் கம்பெனிகள் பெரும்பாலும் 'வரையறுக்கப்பட்ட வாரண்டி' என்று எழுதி விலகிக்கொண்டன.

1982இல் கனெக்டிகட் மாநிலச் சட்டமன்றம், ஜான் உட்காக் என்ற உறுப்பினரின் முன்முயற்சியில், நாட்டின் முதல் 'லெமன் சட்டத்தை' நிறைவேற்றியது. தேறாத புதுக்காருக்கு அமெரிக்கர்களின் பேச்சுவழக்கில் 'லெமன்' என்று பெயர். காரின் பயனையோ பாதுகாப்பையோ மதிப்பையோ கணிசமாகக் குறைக்கும் ஒரே பழுதுக்கு நான்கு முறை பார்த்தும் தீராவிட்டால், அல்லது மொத்தம் 30 நாள் கார் பட்டறையில் கிடந்தால், கம்பெனிக்குப் போதிய வாய்ப்பு கொடுத்தாயிற்று என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். அதன்பின் மாற்றுக் கார், இல்லையேல் ஓட்டிய அளவுக்குக் கழித்துக்கொண்டு பணம். கலிபோர்னியா 1970லேயே சாங்-பெவர்லி வாரண்டிச் சட்டம் கண்ட மாநிலம். அதுவும் 1982இல் டேனர் சட்டத்தின் வழியே இதே எண்களைச் சேர்த்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் 50 மாநிலங்களும் இவ்வழிக்கு வந்தன.

நான்குக்கு அறிவியல் அடிப்படை ஏதுமில்லை. அது சட்டமன்றத்தில் படிந்த பேரம். ஆனால் வழக்கின் சுமையை அது இடம் மாற்றியது. கியர்பாக்ஸுக்குள் எந்தப் பல்சக்கரம் கெட்டது என்று வாங்கியவர் நிரூபிக்கத் தேவையில்லை, நான்கு பில்லைக் காட்டினால் போதும். அன்றிலிருந்து சர்வீஸ் ரசீதில் என்ன எழுதப்படுகிறது என்பதே போர்க்களமானது. "புகாரில் கூறிய குறை தென்படவில்லை" என்று டீலர் எழுதிவிட்டால் அந்த முறை கணக்கில் சேருமா என்ற தகராறு எழுந்தது. கம்பெனிகள் நடத்திய சமரசக் குழுக்கள்மேல் அவநம்பிக்கை வளர, 1984இல் கனெக்டிகட் அரசே நடத்தும் சமரச மன்றத்தை ஏற்படுத்தியது.

இந்தியச் சட்டம் இந்த எண்ணுக்குள் இன்னும் வரவில்லை. 2006இல் மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி பாகத்தை மாற்றத்தான் கடமைப்படுத்துகிறது, முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்றது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'பொருள் பொறுப்பு' என்று தனி அத்தியாயமே சேர்த்தும், அதிலுள்ள 'தீங்கு' என்பதன் வரையறை பொருளுக்கே நேரும் சேதத்தை வெளியே தள்ளிவிட்டது. ஆக, நம்மூரில் அடிக்கடி நின்றுபோகும் காரை வைத்திருப்பவர் பழைய 'குறைபாடு' பிரிவில்தான் நுகர்வோர் ஆணையத்தை நாட வேண்டும். ஜாப் கார்டுகள் எத்தனை சேர்ந்தாலும் அங்கே அவை சாட்சி மட்டுமே. உற்பத்திக் குறைபாடுதான் என்று காட்ட, பெரும்பாலும் நிபுணர் அறிக்கையையும் தேடிப் போக வேண்டியிருக்கிறது.