மழபாடிக் கொன்றை

கொள்ளிடத்தின் வடகரையில், இன்று அரியலூர் மாவட்டத்தின்கண் அமைந்த திருமழபாடி, மூவர் பாடலும் பெற்ற திருத்தலமாகும். அத்தலத்திற்குரிய மரம் பனையேயாயினும், சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய மழபாடிப் பதிகத்தின் முதற்றிருப்பாட்டில் இறைவன் சடையில் விளங்குவது கொன்றையேயாம். சைவ மக்கள் இளமையிலேயே ஓதிப் பழகும் அத்திருப்பாட்டை அறியாதார் அரியர். எனினும், 'அக்கொன்றை யாது? காட்டுக' என வினவின், சாலையோரத்து மஞ்சள் மலர்களுள் யாதேனுமொன்றைச் சுட்டுவாரே பலராயினர்.

இம்மயக்கத்திற்குக் காரணம் பெயரேயாம். சயாம் நாட்டினின்று வந்து சாலைநிழலுக்காக நடப்பெற்ற மரமொன்று 'மஞ்சட்கொன்றை' எனப்பட்டது. அமெரிக்க நாட்டினின்று வந்து, முதுமலை முதலிய காடுகளிற் பரவி, அண்மை ஆண்டுகளில் வனத்துறையினராற் களையப்பெற்று வரும் மற்றொரு மரமும் அப்பெயரே பெற்றது. இயல்வாகைக்குப் 'பெருங்கொன்றை' யென்றும் ஒரு பெயருண்டு. மடகாஸ்கர் தீவினின்று வந்த செந்நிறப் பூமரம் 'செம்மயிற்கொன்றை' யாயிற்று. கொன்றை களையப்படுகின்றது என்னுஞ் செய்தியைப் படிக்கும் சைவ அன்பரொருவர் உளம் வருந்துவாராயின், அது பெயர் செய்த பிழையேயன்றி அவர் பிழையன்று. இனி, கொன்றையென்று கருதி இவற்றைக் கொய்து சார்த்துவார் செயலையும் எண்ணுக. அன்பே பெரிதென்பதில் ஐயமில்லை. ஆயினும் இன்னவின்ன மலர் பூசைக்குரியவென வகுத்துரைக்கக் கமலை ஞானப்பிரகாசர் புட்பவிதி யென்றொரு நூலே இயற்றினாராதலின், மலரறிவைப் பொருட்படுத்தாது விடுதல் சைவ மரபன்று.

முதலாம் இராசராசன் மழபாடி விமானத்தைப் பிரித்துப் புதுக்கக் கட்டளையிட்டபோது, அதன்கண் இருந்த பழைய கல்வெட்டுக்கள் படியெடுக்கப் பெற்றன. அவை முதலாம் இராசேந்திரன் காலத்தில் மீண்டும் சுவரிற் பொறிக்கப்பெற்றன. கல்லெழுத்திற்கு வாய்த்த அக்காவல் மலர்ப்பெயர்க்கு வாய்க்காது போயிற்று.

அற்றேல், உண்மைக் கொன்றையை அறியுமாறு எங்ஙனமெனின், பூக்கும் பருவத்தில் அறிதலே எளிது. இன்று சரக்கொன்றை யெனப்படுவதே அது. பெரம்பலூர்ப் பக்கத்துப் பச்சைமலைச் சரிவுகளிலும், வறண்ட காடுகளிலும் தானே வளர்வது. பங்குனியில் மழபாடியில் நந்தியெம்பெருமான் திருமணம் நிகழுங்காலத்தில் பெரும்பாலும் இலையுதிர்ந்து நிற்கும். சித்திரை தொடங்கி ஆனி வரையிற் பூக்கும். பூங்கொத்து ஓரடிக்குமேல் நீண்டு, மாலை தொங்கவிட்டாற்போலக் கீழ்நோக்கித் தாழும். இதுவே தலையாய அடையாளம். முன்னர்க் கூறிய மஞ்சட்கொன்றை யிரண்டும், இயல்வாகையும் கிளைநுனியில் நிமிர்ந்த கொத்தினையுடையன. மாலையாகவே தோன்றும் மலரை மாலையாக அணிந்தான் என்றல் எத்துணைப் பொருத்தமுடைத்து!

இதழ் ஐந்து. மகரந்தத்தாள் பத்து, அவற்றுள் மூன்று மட்டும் நீண்டு, வெளிப்புறம் வளைந்து, மீண்டும் மேல்நோக்கி எழும். கொன்றையைப் பிரணவ மலரென்று போற்றும் சைவ வழக்கிற்கு இவ்வளைவே இடந்தந்ததாதல் கூடும். காயோ உருண்டு நீண்ட குழல், முற்றியவழிக் கருமையுறும். ஆயர் கொன்றைக்காயாற் குழல் செய்து ஊதினரெனச் சிலப்பதிகார ஆய்ச்சியர் குரவையால் அறிகின்றோம். சுவீடன் நாட்டு லின்னேயசு 1753ஆம் ஆண்டில் இம்மரத்திற்குக் 'காசியா பிஸ்துலா' எனப் பெயரிட்டார். பிஸ்துலா என்னும் இலத்தீன் சொற்குக் குழலென்பதே பொருள். அவர்க்கு முன்னர், மலையாள நாட்டு மரஞ்செடிகளைப் பற்றி ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த பெருநூலின் 1678ஆம் ஆண்டு முதற்றொகுதியில், இம்மரம் படத்துடன் 'கொன்னா' என்றே குறிக்கப்பெற்றது. கொன்றையென்னுஞ் சொல் மலைநாட்டில் அவ்வாறு திரிந்து வழங்குகின்றமையின், பழம்பெயர்க்குரிய மரம் இதுவே யென்பதற்கு இச்சான்று வலிவுடையது.

ஈண்டு ஒரு தடை எழும். புறநானூற்றுக் கடவுள் வாழ்த்தில் பெருந்தேவனார் கொன்றைக்குக் 'கார்' என்னும் அடை கொடுத்தார். கொன்றை முல்லைத்திணைக்குரியது, காரோ ஆவணியும் புரட்டாசியுமாம். சித்திரையிற் பூக்கும் சரக்கொன்றை அதுவாமாறு எங்ஙனம்? இதற்கு விடை குறுந்தொகையிலேயே உளது. கோவர்த்தனார் பாட்டில், தலைவன் குறித்த கார்ப்பருவம் வந்தும் அவன் வாராமையின் வருந்தும் தலைவியைத் தோழி தேற்றுகின்றாள்: பெய்தது காலமல்லாக் காலத்து மழை, அதனைக் காரென மயங்கிக் கொன்றை மலர்ந்ததென்பது அவள் கூற்று. அக்கூற்று ஆற்றுவித்தற்பொருட்டுக் கூறிய பொய்யே. ஆயினும், கேட்போர் நம்பத்தகாத பொய் தேற்றுதற்கு உதவாதன்றோ? காலமல்லா மழைக்கும் கொன்றை மலருமென்பது அந்நாட் கண்டறிந்த செய்தியாயிருந்தாலன்றி, அத்தோழி அதனைச் சொல்லத் துணியாள். இன்றும் முதற்பூப்புக்குப்பின் மழைபெய்தவழிச் சில மரங்கள் மீண்டும் மலர்தலுண்டு. ஆகலின், அடையொன்றையே பற்றி வேறு மரந்தேடுதல் வேண்டாவென்க.

பூவால் மரமறியும் இம்முறை யாண்டுஞ் செல்லுமெனக் கருதற்க. அரியலூரை அடுத்த கீழப்பழுவூரில் இறைவன் ஆலந்துறையார். அத்தலத்து ஆலின் பூவைக் காண விழைவார் கனியைப் பிளந்தே காணல் வேண்டும். நுண்ணிய பூக்கள் அதனுள்ளே மறைந்து கிடக்கும். பெரம்பலூர்ச் சாத்தனூரில் 1940ஆம் ஆண்டு எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து கூறிய கல்மரமோ, ஏறத்தாழப் பன்னிரண்டு கோடி ஆண்டுகட்கு முற்பட்டது. பூவே பூவாத ஊசியிலை யினத்தது.

தமிழ்நாட்டுச் செடிகொடிகளை முறைப்படத் தொகுத்தாருள், தரங்கம்பாடிக்கு 1768இல் வந்த கோனிக்கும், 1776இல் வந்த ராட்லரும் முற்பட்டவர். ராட்லர் தமிழகராதியும் தொகுத்தவராதலின், மரமும் சொல்லும் ஒருவர் கையிற் சேர்ந்தன. பின்னர்க் காம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரநூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் 1967இல் ராபினட் உலர்செடித் தொகுப்பகம் தோன்றியது. அதனை நிறுவிய மாத்யூ என்னும் துறவியார் 1981க்கும் 1988க்கும் இடையே வெளியிட்ட நூலிற் கருநாடகச் சமவெளித் தாவரங்கள் விரிவாகக் கூறப்பெற்றுள. ஐயமுற்றார் கிளையொன்றைப் பூவுடன் அழுத்தி யுலர்த்தி அத்தகையதொரு தொகுப்பகத்திற் காட்டித் தெளியலாம்.

திருக்கோயில் நந்தவனத்திற் கொன்றை வைக்க விழைவார் பெயரை மட்டும் நம்பி நாற்று வாங்காது, தொங்கும் பூங்கொத்தைக் கண்ணாற் கண்டு குறித்துக்கொண்ட மரத்தின் காயையே தை மாசியிற் கொள்க. காயினுள் அடுக்கடுக்காயுள்ள அறைகளில் கரிய புளியினூடே விதை கிடக்கும். நாட்டு மருந்துக்கடையிற் சரக்கொன்றைப்புளி யென விற்பது அதுவே. விதையின் மேற்றோல் மிக வலிதாதலின், வெந்நீரிலிட்டு ஓரிரவு ஊறவைத்த பின்னர் ஊன்றுதல் நன்று.