சுவருக்குப் பிறந்த எழுத்து

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறக்கும் வரை ஐரோப்பாவில் அச்செழுத்தைப் பெரும்பாலும் புத்தகத்துக்காகவே வார்த்தார்கள். ஒருவர் உட்கார்ந்து, கையெட்டும் தூரத்தில் வைத்துப் படிப்பதற்கான எழுத்து அது. இத்தாலியில் போதோனியும் பிரான்சில் தீதோ குடும்பத்தாரும் அதை நேர்த்தியின் உச்சிக்கே கொண்டுபோனார்கள். அவர்களுடைய எழுத்துகளில் நிமிர்ந்த தண்டு தடித்திருக்கும். முனையில் வரும் செரிஃப் என்ற குறுக்குக்கோடு மயிரிழையாக ஓடும்.

லண்டன் தெருவில் அந்த நேர்த்தி எடுபடவில்லை. தொழிற்புரட்சியால் கடையும் சரக்கும் பெருகின. நாடகக் கொட்டகைக்காரர்களும் கோச்சு வண்டிக்காரர்களும் அரசு லாட்டரிச் சீட்டு முகவர்களும் சுவர்களுக்குப் போட்டி போட்டார்கள். நடந்து போகிறவரின் கண்ணை ஒரு நொடியாவது பிடிக்க வேண்டும். புத்தக எழுத்தைப் பெரிதாக்கி ஒட்டினாலோ, சற்றுத் தள்ளி நின்றதும் மயிரிழைகள் மறைந்து, தண்டுகள் மட்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் நின்றன. ராபர்ட் தார்ன் என்ற வார்ப்பாளர் தண்டுகளை இன்னும் பருமனாக்கிப் பார்த்தார். கருமை கூடியது. ஆனால் மெல்லிய கோடுகள் மெல்லியவையாகவே இருந்ததால் பாதிச் சிக்கல்தான் தீர்ந்தது.

மறுபாதியைத் தீர்த்த அச்செழுத்து வின்சென்ட் ஃபிகின்ஸின் வார்ப்பகத்திலிருந்து வந்தது. 1815 எனத் தேதியிட்டு 1817 வாக்கில் வெளிவந்த அவருடைய மாதிரிப் புத்தகத்தில் ‘ஆன்டிக்’ என்ற பெயரில் ஓர் எழுத்து இருந்தது. அதில் செரிஃப் ஏறக்குறைய தண்டின் தடிமனுக்கே வந்துவிட்டது. சதுர முனையோடு, செங்கல் வைத்தாற்போல் பட்டையாக இருந்தது. ஸ்லாப் செரிஃப் வகையில் நமக்குக் கிடைக்கும் முதல் அச்செழுத்து இதுதான். இதில் மறைந்துபோக மெல்லிய கோடு என்று ஒன்று இல்லை. மட்டமான தாளில், அவசரமாக மை பூசி அடித்தாலும் எழுத்தின் உருவம் சிதையாது.

தார்னும் இதே வழியில் ஓர் எழுத்தைச் செய்திருந்தார். அவர் இறந்த பிறகு, 1820இல், வில்லியம் தாரோகுட் என்பவர் அந்த வார்ப்பகத்தை வாங்கினார். வாங்கிய பணம் லாட்டரியில் விழுந்த பரிசு. அடுத்த ஆண்டு அவர் அந்த எழுத்தை ‘எகிப்தியன்’ என்று விற்பனைக்குக் கொண்டுவந்தார். நெப்போலியனின் படையெடுப்புக்குப் பிறகு எகிப்திய மோகம் ஐரோப்பாவை ஆட்டிவைத்த காலம் அது. பழைய அச்சுக்கலைஞர்களுக்கு இந்தப் புது எழுத்துகள் பிடிக்கவில்லை. 1825இல் வெளிவந்த தம் நூலில் டி. சி. ஹான்சார்ட் என்ற அச்சாளர் இந்தக் கொழுத்த எழுத்துகளைக் கடுமையாகச் சாடினார். புத்தகத்தின் அளவுகோலால் சுவரை அளந்தார் என்பேன்.

முரடாகத் தெரியும் இந்த எழுத்துக்குள் நுட்பமான வேலை உண்டு. எல்லாக் கோடும் ஒரே தடிமன் என்று கண் நம்பினாலும், படுக்கைக் கோட்டை நிமிர்ந்த கோட்டைவிடச் சற்று மெலிதாக வைக்க வேண்டும்; அளவெடுத்துச் சமமாக்கினால் படுக்கைக் கோடு பருத்துத் தெரியும். இரண்டு கோடுகள் கூடும் இடத்தில் கருமை தேங்காதபடி கொஞ்சம் செதுக்கி எடுக்க வேண்டும். எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை இடம் அடைபட்டால் எழுத்தே அடைபட்டுப் போகும்.

அமெரிக்காவில் இந்த எழுத்து மரத்துக்கு மாறியது. பெரிய ஈய எழுத்து கனமானது, விலை அதிகம், வார்க்கும்போது சீராக ஆறாது. 1827இல் நியூயார்க்கின் டேரியஸ் வெல்ஸ், மர எழுத்தைக் குடைந்தெடுக்கச் சுழலும் வெட்டுக்கருவியைப் பயன்படுத்தினார். 1834இல் வில்லியம் லெவன்வொர்த் அதோடு பாண்டோகிராஃப் என்ற நகலெடுக்கும் கருவியை இணைத்தார். ஒரே வரைவிலிருந்து வேண்டிய அளவில் எழுத்து கிடைத்தது. சர்க்கஸ் விளம்பரங்களில் ஸ்லாப் எழுத்து பிரம்மாண்டமாக வளர்ந்தது இப்படித்தான்.

ஆனால் இந்தக் கதையில் எனக்கு மிகப் பெரிதாகப் படும் திருப்பம் 1845இல் லண்டனில் நடந்தது. தாரோகுட்டோடு சேர்ந்து அதே வார்ப்பகத்தை நடத்திய ராபர்ட் பெஸ்லி, ‘கிளாரண்டன்’ எழுத்தை வெளியிட்டார். அதைச் செதுக்கியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். செரிஃபும் தண்டும் சேருமிடத்தில் மெல்லிய வளைவு கொடுத்து முரட்டுத்தனத்தைக் குறைத்தார்கள். சாதாரண எழுத்து ஓடும் வரியிலேயே ஒரு சொல்லை மட்டும் எடுப்பாகக் காட்ட இது பயன்பட்டது. பிரிட்டிஷ் வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பெஸ்லி இதைப் பதிவும் செய்தார். பாதுகாப்பு மூன்றே ஆண்டு. பிற வார்ப்பகங்கள் தாராளமாக நகலெடுத்தன.

அதற்கு முன் ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் பெரும்பாலும் சாய்வெழுத்தோ பெரிய எழுத்தோதான் வழி. எழுத்தின் கனத்தைக் கொண்டே பொருளைப் பிரித்துக் காட்டும் வழக்கம் கிளாரண்டனோடு வேரூன்றியது. அகராதியில் தலைச்சொல், பாடநூலில் கலைச்சொல், அட்டவணையில் கூட்டுத்தொகை என அது பரவியது.

இருபதாம் நூற்றாண்டில் மெம்ஃபிஸ் (1929), ராக்வெல் (1934) போன்றவை ஸ்லாப் எழுத்தை வட்டமும் நேர்கோடுமாகத் திருத்தி எழுதின. ஐபிஎம், சோனி சின்னங்களிலும் அதன் பட்டை முனைகளைப் பார்க்கலாம். இன்றும் தலைப்புக்கு, பெயர்ப்பலகைக்கு, நாலு சொல்லுக்கு மேல் போகாத செய்திக்கு இதைப்போல் உறுதியான எழுத்து குறைவு. பத்தி முழுக்க இட்டால் பக்கமே கறுத்துவிடும்.

புத்தகத்துக்குள் சேர்க்கத் தகாதது என்று ஒதுக்கிய எழுத்துதான் புத்தகத்துக்குத் தேடும் வசதியைக் கொடுத்தது. தமிழ் அகராதியைப் புரட்டி, தடித்த தலைச்சொல்லைக் கண்ணாலேயே பிடித்து நிறுத்தும்போது, லண்டன் லாட்டரிச் சுவரொட்டிக்காரர்கள் தேடிய அதே பலனைத்தான் நாமும் அடைகிறோம்.